பத்துக்கு எட்டு

அக்கா தம்ளர்களை நகர்த்திக்கொண்டே இருந்தாள்.

மில்லர்புரத்தில் அவள் வீடு. பேத்திக்குப் பேர் விடும் நாள். கூடத்தில் இருபது பேர் இருந்தார்கள். சாம்பிராணிப் புகையும் புதுச்சேலை வாசமும் கலந்து மூச்சை அடைத்தன. நான் சமையலறை வாசலில் பாயசக் கரண்டியோடு நின்றிருந்தேன்.

மேசை மேல் பாயசம் ஊற்றிய எவர்சில்வர் தம்ளர்கள். யாராவது ஒன்றை எடுத்தால், அக்கா உடனே மற்றவற்றைத் தள்ளி அந்த இடைவெளியை அடைத்தாள். இன்னொருவர் எடுத்தார். மறுபடி தள்ளினாள்.

"என்ன மதினி, தம்ளருக்கு ட்ரில் எடுக்கியளா?" என்று அத்தானின் தங்கை கேட்டாள்.

அக்கா சிரித்தாள். "எனக்கு ஓசிடி இருக்குளா. போன்ல ஒரு ரீல்ஸ்ல பத்துக் கேள்வி கேட்டாவ. பத்துக்கு எட்டு வந்திச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். "எனக்கும் அப்படித்தான், மெத்தை விரிப்பு சுருங்கியிருந்தா தூக்கமே வராது" என்றாள் ஒருத்தி. "எங்க வீட்டுல இவியளுக்கு, செருப்பு கோணிக் கெடந்தா ஆகாது" என்றாள் இன்னொருத்தி.

நான் சிரிக்கவில்லை. கரண்டியிலிருந்து சூடான பாயசம் என் கால் மேல் சொட்டியது. துடைக்கத் தோன்றவில்லை.

அந்த வியாதி என்னுடையது. பதினைந்து வருஷமாக அதற்கு மாத்திரை தின்கிறேன். அது எனக்கு இருப்பது அந்தக் கூடத்தில் மூன்றே பேருக்குத் தெரியும். அக்கா, அத்தான், நான். நான்காவது ஆளுக்குத் தெரியக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியவள் அக்காதான்.

இன்றைக்கு அவள் அதை, புது வளையலைக் காட்டுவதுபோல், கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

ஜெயந்தி என்றொரு பேர்

இதை எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டேன். வாராவாரம் எழுதும் இந்தத் தொடரில் இதுவரை யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை. செத்துப்போனவர்களைப் பற்றியே பெரும்பாலும் எழுதிவந்ததால் அந்தச் சிக்கல் வரவில்லை.

"எழுது. பேர மட்டும் மாத்திரு" என்றாள்.

"என்ன பேர் வைக்கட்டும்?"

"ஜெயந்தி." ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஐம்பது வயதை நெருங்குகிற ஒருத்தி, தனக்கு வாய்த்திருக்க வேண்டிய பேரை இத்தனை நாள் மனதிலேயே வைத்திருந்திருக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ஆகவே அக்கா பேர் ஜெயந்தி. என்னைவிட நான்கு வயது மூத்தவள். அத்தானுக்குப் பலசரக்குக் கடை. ஒரே மகள் பிரியா, தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். இந்தக் கதைக்கு இவர்கள் போதும்.

சக்கரம் எதன் மேலோ ஏறியது

முந்தைய வாரங்களைப் படிக்காதவர்களுக்காக என்னைப் பற்றிச் சில வரிகள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை பார்க்கிறேன். கப்பலில் ஏறும் சரக்கின் காகிதங்களைச் சரிபார்ப்பது என் வேலை. ஓர் எழுத்து, ஓர் எண் பிசகினாலும் கன்டெய்னர் யார்டிலேயே கிடக்கும். வீடு முத்தையாபுரம். தனியாக இருக்கிறேன். கல்யாணம் நடக்காமல் போனதை ஏற்கெனவே ஒரு வாரம் முழுக்க எழுதித் தீர்த்துவிட்டேன்.

அப்போது எனக்கு முப்பது வயது. ஒரு சாயங்காலம் ஆபீஸ் விட்டு ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் உப்பளம். முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி, பின்னால் ஒன்று. சக்கரம் எதன் மேலோ ஏறி இறங்கியது.

கல்லாக இருக்கும் என்று நினைத்தேன். அடுத்த நொடி இன்னொரு நினைப்பு வந்தது. ஆளாக இருந்தால்?

வண்டியைத் திருப்பினேன். சாலையில் ஒன்றுமில்லை. மறுபடி வீட்டுப் பக்கம் கிளம்பினேன். ஒழுங்காகப் பார்த்தேனா? அடிபட்டவர் உருண்டு வாய்க்காலுக்குள் விழுந்திருந்தால்? திரும்பினேன். வாய்க்காலில் தண்ணீர் மட்டும் இருந்தது. கிளம்பினேன். பின்னால் வந்த லாரி இழுத்துக்கொண்டு போயிருந்தால்?

பதினோரு தடவை திரும்பினேன்.

கடைசியில் ஒரு லாரி டிரைவர் வண்டியை ஓரங்கட்டி இறங்கினார். "என்னக்கா தொலைச்சிய?" என்று கேட்டார்.

"மோதிரம்" என்றேன்.

பாவம், அவரும் குனிந்து தேடினார். நான் தொலைக்காத மோதிரத்தை ஒரு வழிப்போக்கர் வேர்க்க விறுவிறுக்கத் தேடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான், எனக்குள் எதுவோ கழன்றுவிட்டது என்று எனக்கே புரிந்தது.

மறுநாள் பேப்பரில் விபத்துச் செய்தி தேடினேன். அடுத்த நாளும் தேடினேன். நான்கு மாதம் தேடினேன். ஸ்கூட்டரை விற்றேன். பிறகு, இந்த ஊரில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறிப்போய் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தேன். அவர்தான் அதற்குப் பேர் சொன்னார்.

ஓசிடி என்றால் சுத்தம் பார்ப்பது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். என் வீட்டுக்கு வந்து பாருங்கள். துவைக்காத துணி நாற்காலியில் கிடக்கும். ஜன்னல் கம்பியில் கரித்தூள் விரல் கனத்துக்குப் படிந்திருக்கும். எனக்கும் தம்ளருக்கும் எந்தப் பகையும் கிடையாது. நான் யாரையோ கொன்றுவிட்டேன், அல்லது கொன்றுவிடப்போகிறேன் என்ற நினைப்புத்தான் என் வியாதி.

இருபது வயதில் சொன்னது

பேர் தெரிவதற்குப் பத்து வருஷம் முன்பே அது வந்துவிட்டது.

பிரியா பிறந்த சமயம். அக்கா எங்கள் அப்பா வீட்டில் இருந்தாள். எனக்குக் கல்லூரியில் கடைசி வருஷம். வீட்டுக்கு வந்ததும் பையை எறிந்துவிட்டுப் பிள்ளையைத்தான் தூக்குவேன். அவள் உச்சந்தலையில் மூக்கை வைத்துக்கொண்டே மாடிக்கும் கீழுக்கும் நடப்பேன்.

ஒருநாள் படியில் இறங்கும்போது அந்த நினைப்பு வந்தது. கையை விட்டால்?

அன்றையிலிருந்து பிள்ளையோடு படி இறங்க வேண்டுமென்றால், உட்கார்ந்து, ஒவ்வொரு படியாக நகர்ந்து இறங்கினேன். ஒருவாரம் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு அக்காவிடம் சொன்னேன். அம்மா இல்லாத வீட்டில் அவளைத் தவிர எனக்கு வேறு யார்?

"எக்கா, பிள்ளையத் தூக்கிட்டு இறங்கும்போது கீழ போட்டுருவேனோன்னு நினைப்பு வருதுக்கா. கைதவறி இல்ல. வேணும்னே போட்டுருவேனோன்னு."

'எல்லாருக்கும் வாரதுதாம்ளா' என்று சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எழுந்து வந்தாள். என் மடியிலிருந்து பிள்ளையை எடுத்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

அடுத்த நாளிலிருந்து தொட்டில் அவள் அறைக்குள் போய்விட்டது. அவள் குளிக்கப் போகும்போது பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுப் பிள்ளைக்குக் காவல் வைத்தாள். நான் அதே வீட்டில், அடுத்த அறையில், புத்தகத்தைத் திறந்து வைத்தபடி உட்கார்ந்திருப்பேன். காது குத்தின அன்று பிள்ளை எல்லோர் மடிக்கும் போனது. என் முறை வரும்போது அக்கா ஏதோ ஒரு சாக்கில் நடுவில் வந்து வாங்கிக்கொண்டாள். பிரியா தானாக நடக்கப் பழகி, தானாக என்னிடம் வந்து என் சேலையைப் பிடித்த அன்றுதான் நான் அவளை மறுபடி தொட்டேன்.

பத்து வருஷம் கழித்து, டாக்டர் வியாதிக்குப் பேர் சொன்னதை அக்காவிடம் சொன்னேன்.

"வேலவெட்டி இல்லாதவளுக்கு வாரது இதெல்லாம்" என்றாள். "யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காத. நாளைக்குப் பிரியாவுக்கு மாப்பிள்ள பாக்கணும்."

பிரியாவுக்கு அப்போது பத்து வயது.

"எதுக்கு? தம்ளர் அடுக்கவா?"

பேர் விடும் நாளுக்குத் திரும்புகிறேன். கூட்டம் கலைந்த பிறகு பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா வந்து பக்கத்தில் நின்றாள்.

"ஏளா, ஒன் டாக்டர் நம்பர் குடேன். சும்ம ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாரேன்."

"எதுக்கு? தம்ளர் அடுக்கவா?"

"இல்லளா, அந்தப் பரீட்சையில..."

"பத்துக்கு எட்டு. கேட்டேன். பள்ளிக்கூடத்துல ஒரு நாளும் நீ அப்படி மார்க் வாங்குனதில்ல."

அவள் முகம் சுருங்கியது. எனக்கு அது போதவில்லை.

"எக்கா, ஒனக்கு ஓசிடியும் இல்ல ஒண்ணும் இல்ல. வேலவெட்டி இல்லாதவளுக்கு வாரது இதெல்லாம்."

அவள் வாய்ச்சொல்லை அவளுக்கே திருப்பிக் கொடுத்தேன். பதினைந்து வருஷம் பத்திரமாக வைத்திருந்தது.

"சரிளா, விடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அக்கா எந்தச் சண்டையிலும் அப்படிச் சட்டென்று விட்டுக்கொடுப்பவள் கிடையாது. மீன்காரியிடம் தோற்கமாட்டாள், மாமியாரிடம் தோற்றதில்லை. அந்த 'சரிளா'விலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஜெயித்துவிட்டேன் என்ற நினைப்போடு பஸ் ஏறினேன்.

அடுத்த வாரம் ஆபீசுக்குப் போன் செய்தாள். "ஏளா, நீ மொத மொதல்ல போனப்ப டாக்டர் என்னெல்லாம் கேட்டாவ? மனசுல உள்ளது எல்லாத்தையும் சொல்லணுமா? சொன்னா அவிய வேற யார்கிட்டயாவது சொல்லிருவாவளா? போலீசு கீலீசு..."

இப்போது எழுதும்போது அந்த 'போலீசு' என்ற சொல் என்னைக் குத்துகிறது. அன்றைக்கு எனக்கு அது காதில் ஏறவே இல்லை. என் வியாதியைப் பற்றி ஒரு நாளாவது ஒரு கேள்வி கேட்டிருப்பாளா இவள்? தனக்கென்று வந்ததும் எவ்வளவு கரிசனமாகக் கேட்கிறாள் என்ற ஆத்திரம்தான் இருந்தது.

"ரீல்ஸ்ல பாரு. அங்கன எல்லாம் சொல்லுவாவ" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அதன் பிறகு அவள் கேட்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. டாக்டர் நம்பர் என் போனில்தான் இருந்தது. அனுப்ப இரண்டு தட்டு போதும். மூன்று வாரம் அனுப்பாமல் வைத்திருந்தேன்.

பிரியாவின் போன்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிரியா கூப்பிட்டாள். எடுத்ததும் அழுகைதான் வந்தது.

"சித்தி, அம்மா பிள்ளையத் தொடவே மாட்டேங்கா."

"என்னளா சொல்லுத?"

"நெசமாத்தான். குளிப்பாட்ட ஆள் வச்சிட்டா. பிடின்னு நீட்டினா முட்டு வலிங்கா, கை வலிங்கா. நான் குளிக்கப் போனா பக்கத்து வீட்டு அத்தையக் கூப்பிட்டுப் பிள்ளகிட்ட உக்கார வச்சிட்டு, இவ வாசல்ல போய் நிக்கா. நான் பொட்டப்பிள்ள பெத்துட்டேன்னு கோவமா சித்தி?"

சாப்பாட்டு டப்பாவை மூடினேன். பக்கத்து வீட்டு ஆளைக் காவல் வைப்பது. அந்த ஏற்பாடு எனக்குத் தெரிந்ததுதான்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு மில்லர்புரத்துக்குப் போனேன்.

அருவாமணை எங்கே?

பிரியா கூடத்தில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அக்கா சமையலறையில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டு, "என்னளா இந்த நேரத்துல?" என்றாள். மெலிந்திருந்தாள். ரவிக்கைக் கை தொளதொளவென்று தொங்கியது.

சமையலறையைச் சுற்றிப் பார்த்தேன். மேடையில் நறுக்கிய காய்கறிப் பாக்கெட்டுகள் மூன்று. துருவிய தேங்காய்ப் பாக்கெட் ஒன்று.

என் அக்காவைத் தெரிந்தவர்களுக்குத்தான் இது விளங்கும். நறுக்கிய காயை வாங்குகிறவளைச் சோம்பேறி என்பாள். ஒரு முழுச் சீலா மீனை, டிவி பார்த்தபடியே, அருவாமணையில் துண்டம் துண்டமாக அரிந்து தள்ளுவாள்.

மூலையில் அருவாமணை இல்லை. அது இருந்த இடத்தில் தரையில் தடம் மட்டும் இருந்தது. கத்திகள் மாட்டும் இடம் காலி. அம்மி இருந்தது, அதன் குழவி இல்லை.

வேறு யார் வந்திருந்தாலும் அதைப் பார்த்திருக்கமாட்டார்கள். ஸ்கூட்டரை விற்றவள் நான். பயப்படுகிற பொருளை வீட்டைவிட்டு அனுப்பிவிடுவது என்னவென்று எனக்குத் தெரியும்.

"எக்கா, அருவாமணை எங்க?"

"மழுங்கிட்டு. சாணை பிடிக்கக் குடுத்துருக்கு."

"கத்தி?"

"அதுவுந்தான்."

"குழவியும் சாணை பிடிக்கவா போயிருக்கு?"

அவள் அடுப்பைத் தணித்தாள். கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்தாள். கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

"சாக்குல கட்டிக் கடையில போட்டுருக்கேன். ஒங்க அத்தானுக்குத் தெரியாது."

"என்ன நினைப்புக்கா வருது?"

சொன்னாள். மிக மெதுவாக, என் முகத்தைப் பார்க்காமல், குழாயைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அதை இங்கே முழுதாக எழுதமாட்டேன். எழுத அனுமதி தந்தவள், அந்த நான்கு வரிகளுக்கு மட்டும் தரவில்லை. கத்தி, பிள்ளை, தன் கை மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்தன என்பதோடு விட்டுவிடுகிறேன்.

"பிள்ள பொறந்த பத்தாம் நாளே வந்துட்டு. தம்ளர், டப்பா எல்லாம் வரிசையா இருந்தா பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு இது. அதான் அடுக்கிக்கிட்டே கெடந்தேன். டப்பா அடுக்குதேன்னு சொன்னா எல்லாருஞ் சிரிப்பாவ. இதச் சொன்னா யாருளா சிரிப்பா?"

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா பிள்ளையப் பிடுங்கிட்டுப் போயிருவாவல்லா."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குப் புரிந்தது. அது புரிவதை அவள் முகத்தில் பார்த்தேன். குக்கர் விசில் அடித்தது.

எனக்குள் முதலில் எழுந்த சொல்லை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். 'அனுபவி.'

"நானும் இதத்தான்க்கா சொன்னேன்."

"ஆமா."

"நீ கதவ சாத்தித் தாழ்ப்பாள் போட்ட."

"ஆமா."

"இருபத்தஞ்சு வருஷம்க்கா."

மன்னிச்சிருளா என்று சொல்லுவாள் என்று காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. "அன்னைக்கு நீ நெசமாவே போட்டுருவேன்னு பயந்தேன்" என்றாள். "இப்ப நான் நெசமாவே செஞ்சிருவேன்னு பயப்படுதேன். ரெண்டு பயமும் ஒண்ணு போலதாம்ளா இருக்கு. எது நோய், எது நெசம்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அப்போது கதவு திறந்தது. பிரியா பிள்ளையோடு நின்றிருந்தாள். "அம்மா, ஒரு நிமிசம் பிடியேன்" என்று நீட்டினாள்.

அக்கா பின்னால் நகர்ந்தாள். பாத்திரம் கழுவும் தொட்டியில் இடித்துக்கொண்டு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். பிரியாவின் கண் நிரம்பிவிட்டது.

"பிரியா, பிள்ளைய நீயே வச்சிக்கோ" என்றேன். "ஒம்மேல கோவம் ஒண்ணும் இல்ல ஒங்கம்மாவுக்கு. பொட்டப்பிள்ளைன்னும் இல்ல. அவளுக்கு ஒரு வியாதி வந்துருக்கு. பிள்ளைய நாமளே ஏதாவது செஞ்சிருவோமோன்னு பயங்காட்டுற வியாதி. அது எனக்கும் இருக்கு. பதினஞ்சு வருஷமா மாத்திர சாப்பிடுதேன்."

பிரியா என்னைப் பார்த்தாள், அவள் அம்மாவைப் பார்த்தாள். "ஒங்களுக்கா சித்தி?" என்றாள்.

நான் காத்த சத்தியத்தை நானே உடைத்தேன். அக்கா தடுக்கவில்லை.

அங்கேயே நின்று டாக்டருக்குப் போன் செய்தேன்.

நாற்பது நிமிஷம்

மறுநாள் அத்தான் கடையைச் சாத்திவிட்டுக் கார் ஏற்பாடு செய்தார். அக்கா நடுவில், ஒரு பக்கம் அத்தான், ஒரு பக்கம் நான். வல்லநாட்டு மலை தெரிந்தது. "பயப்படாத, நான் இருக்கம்லா" என்று அத்தான் ஒருமுறை அவள் கையைப் பிடித்தார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இதே வழியில் நான் தனியாகப் போனேன். பஸ்ஸில், முக்காடு போட்டுக்கொண்டு, வாந்தி வந்துவிடுமோ என்று கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு போனேன். எனக்கு யாரும் கடை சாத்தவில்லை. அத்தான் கைக்குள் இருந்த அக்காவின் விரல்களைப் பார்த்துக்கொண்டே இதை நினைத்தேன். அவளுக்காக மனம் அடித்துக்கொண்டதும் உண்மை. பொறாமைப்பட்டதும் உண்மை.

டாக்டர் அவளிடம் நாற்பது நிமிஷம் பேசினார். பிறகு எங்களைக் கூப்பிட்டார். அதே வியாதிதான் என்றார். இந்த நினைப்பு வருகிறவர்கள் அதைக் கண்டு நடுங்குகிறவர்கள். நினைப்பு வருவது வேறு, செய்யும் நோக்கம் வேறு என்று அத்தானுக்குப் புரியும்படி இரண்டு தரம் சொன்னார். மாத்திரை எழுதினார். வாரம் ஒருமுறை வந்து பயிற்சி எடுக்கச் சொன்னார். கத்தி வீட்டுக்குத் திரும்ப வேண்டும், பிள்ளையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்க வேண்டும், எல்லாம் படிப்படியாக.

அக்கா அழுதாள். எனக்குப் பத்து வருஷம் ஆன இடத்துக்கு அவள் நாற்பது நிமிஷத்தில் வந்துவிட்டாள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம் அது. எனக்கு அது கசந்தது.

கிளம்பும்போது டாக்டர் ஒன்று சொன்னார். "நான் ஒண்ணும் செஞ்சிர மாட்டேனேன்னு இவங்க திரும்பத் திரும்பக் கேப்பாங்க. 'நீ செய்ய மாட்டே'ன்னு பதில் சொல்லாதீங்க. அஞ்சு நிமிஷம் நிம்மதியா இருக்கும், அப்புறம் மறுபடி கேப்பாங்க. அந்தப் பதில்தான் நோய்க்குத் தீனி. பதில் இல்லாம இருக்கப் பழகணும்."

தெரியாதுக்கா

அத்தானும் பிரியாவும் டாக்டர் சொன்னபடியே வாயை இறுக்கிக்கொண்டார்கள். அக்கா என்னைப் பிடித்தாள். தினமும் மதியம் ஆபீசில் என் போன் அடிக்கும்.

"ஏளா, நான் ஒண்ணும் செஞ்சிர மாட்டேம்லா? ஒனக்குத்தான் தெரியும். ஒரே ஒரு தரம் சொல்லு."

"தெரியாதுக்கா" என்பேன்.

முதல் தடவை சொன்னபோது என் குரல் எனக்கே கேட்டது. அதில் ஒரு ருசி இருந்தது. மருந்து என்று டாக்டர் கொடுத்த சொல், என் வாயில் பழிவாங்கும் சொல்லாகவும் இருந்தது. மறுமுனையில் அவள் திணறுவது கேட்டது. சட்டென்று போனை வைத்துவிட்டேன்.

என் முறைக்கு மருந்து வாங்கப் போனபோது டாக்டரிடம் ஒத்துக்கொண்டேன். "சார், அவளுக்குப் பதில் சொல்லாம இருக்கும்போது எனக்கு உள்ளுக்குள்ள திருப்தியா இருக்கு."

அவர் என் சீட்டில் எழுதிக்கொண்டே, "அதைப் பத்தி நாம நெறையப் பேசணும். பேசுவோம்" என்றார். "அதுவரைக்கும் ஒண்ணு மட்டும் செய்யுங்க. போனை நீங்களா வைக்காதீங்க."

அதிலிருந்து நான் வைப்பதில்லை. அவள் கேட்பாள். தெரியாதுக்கா என்பேன். அவள் கெஞ்சுவாள், சில நாள் ஏசுவாள். "மனுசியாளா நீ?" என்பாள். இரண்டு பேரும் மூச்சு விடுவது மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். சாம்பார் சாதம் ஆறிப்போகும். பக்கத்து மேசைக்காரர்கள், எனக்கு இந்த வயதில் எவனோ கிடைத்திருக்கிறான் என்று பேசிக்கொண்டார்கள்.

அவள் மேல் எனக்குக் கோபம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். சில நாள் இருக்கிறது. காது குத்தின அன்று காலியாக இருந்த என் மடி ஞாபகம் வரும் நாட்களில் அதிகமாகவே இருக்கிறது. ஆனாலும் மதியம் ஒரு மணிக்குப் போன் அடிக்காவிட்டால் எனக்கு இருப்புக்கொள்வதில்லை.

போன வாரம் வியாழக்கிழமை. பிரியா குளிக்கப் போயிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி வரக்கூடாது என்பது அந்த வாரத்துப் பயிற்சி. வீட்டில் அக்காவும் பிள்ளையும் மட்டும். மேடையில் கத்தி திரும்ப வந்திருந்தது.

"ஏளா..." என்றாள். "நான் ஒண்ணும்..."

பாதியில் நின்றாள். பின்னால் பிள்ளை சிணுங்குவது கேட்டது. சிணுங்கல் அழுகையானது. நான் 'தெரியாதுக்கா'வை நாக்கில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பிள்ளை வீறிட்டது.

"சரி, நீ இரு" என்றாள் அக்கா. "பிள்ள அழுவுது. நான் போய்த் தூக்குதேன்."

போன் கட்டாகிவிட்டது.

பிள்ளையைத் தூக்கினாளா, கை நடுங்கியதா, பத்திரமாக இருக்கிறார்களா என்று திரும்பக் கூப்பிட்டுக் கேட்க என் விரல் துடித்தது. மேசை இழுப்பறையைத் திறந்து போனை உள்ளே வைத்து மூடினேன். பிறகு சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன்.